பாதை போகப் போகுது

நான் காத்தான்குடிப் புடவை வியாபாரி. தெரிந்தவர்களுக்கு நான் காக்கா அல்லது நானா, அதாவது அண்ணன். படித்தது கொஞ்சம். வாவிக்கரைக் கோட்டைக்கு முன்னால் ஒரு காலத்தில் கப்பல்காரர் வந்து பண்டம் மாற்றினார்கள் என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்த கப்பல் பாதைதான். வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம். கிழக்கே எழுவான்கரையில் இருந்து துணி போகும். மேற்கே படுவான்கரையில் இருந்து நெல்லும் தயிரும் வரும். என் பிள்ளைகள் வளர்ந்தது அந்த வியாபாரத்தில்தான்.

போன கார்த்திகையில் அக்கரையில் ஒரு கலியாணம். கூறைப்புடவை என் பொறுப்பு. அதை ஏற்றி வந்த கொழும்பு லொறி மழையில் பிந்தி, கலியாணத்தன்று காலையில்தான் களுவாஞ்சிக்குடிக்கு வந்தது. பாலத்தால் போகிற ரோட்டுக்கு மேலால் வெள்ளம். நான் துறையில் நின்று டிரைவருக்குப் போன் எடுத்தேன்.

“கெதியா வாங்க தம்பி, பாதை போகப் போகுது.”

லொறி வரவில்லை. மறுபடி எடுத்தேன்.

“பாதை போகப் போகுதுன்னு நீங்கதானே நானா சொன்னீங்க! வெள்ளம் அடிச்சிட்டுப் போயிரும்னு ஓரமா நிப்பாட்டி டீ குடிக்கிறேன்.”

கொழும்பில் பாதை என்றால் ரோடு. எனக்கு அது தோன்றவில்லை.

பாதை நிறைய ஆட்கள். இது போனால் திரும்பி வர ஒரு மணித்தியாலம். அதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். பாதை ஓட்டுகிறவரிடம் விசயத்தைச் சொன்னேன்.

“உங்கட லொறி என்ன காக்கா, காத்துப் பாத்து வாற பாய்க்கப்பலா?” என்றார். கயிற்றை அவிழ்க்கவில்லை.

“பள்ளிக்குப் பிந்தினா வரவு இடாப்புல எனக்குச் சிவப்புக் கோடு,” என்றார் ஒரு டீச்சர். பிறகு குடையை மடக்கினார். “பரவால்ல. ஒரு பிள்ளைக்குக் கூறையெல்லோ. நில்லுங்க.”

மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் முணுமுணுத்தார். ஆனால் அவர்தான் இறங்கிப்போய் லொறியை வழிகாட்டிக் கூட்டிவந்தார். நான் கூறைப் பொதியை இறக்கி எடுத்துக்கொண்டு ஏற, பாதை கிளம்பியது.

அக்கரை தட்டுமுன்னே மாப்பிள்ளையின் தாய் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். என் கையில் இருந்து பொதியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். மேளச் சத்தம் கேட்டது. டீச்சரும் ஓடிவிட்டார். யாருக்கும் நன்றி சொல்லக் கிடைக்கவில்லை. மிச்சம் நின்றவர் பாதை ஓட்டுகிறவர் மட்டும். அவர் கையைப் பிடித்தேன்.

“என்ட கையை விட்டுட்டுப் போங்க காக்கா,” என்றார். “தாலி கட்டுறதப் பாக்க வேணாமா?”