மடுவுக்குத் தைத்த முதுகுப் பைகள்

மடு மாதாவின் ஆவணித் திருநாளுக்கு நாங்கள் இருவரும் நடந்து போகப் போகிறோம் என்றபோது குருநகரில் சிரிக்காதவர்கள் இல்லை. எல்லாரும் பஸ்ஸில் போய் வந்தார்கள். ஆனையிறவு முகாமில் ஆமி மறித்துச் சோதிக்கிற காலம் அது. அந்த வழியால் ஒரு நொண்டி மனிசனும் அவர் பெண்சாதியும் நடக்கிறதென்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் நேர்த்தி வைத்தவள் நான்.

முந்திய மாரியில் கடலில் பாய்மரம் முறிந்து என் வீட்டுக்காரரின் இடுப்பில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். கட்டிலடியில் முழந்தாளிட்டு, "தாயே, இந்த மனிசன் எழும்பினால் ரெண்டு பேரும் அவரவர் சுமையை அவரவர் சுமந்து உன்ரை வாசலுக்கு நடந்து வருவம்" என்றேன். எழும்பினார். ஆனால் பழைய நடை வரவில்லை. ஒரு கையில் பாரம் தூக்கினால் அந்தப் பக்கம் சரிந்துவிடுவார். தலையில் வைத்தால் கால் தாங்காது.

அதற்கு அவரே வழி கண்டார். பழைய பாய்ச்சீலையை வெட்டி, வலை ஊசியால், இரண்டு தோளிலும் மாட்டுகிற மாதிரி ஆளுக்கொரு பை தைத்தார். பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அவரால் நடக்க முடிந்தது. முற்றத்து மணலில் கோடு கீறி, கைதடி, கொடிகாமம், பளை என்று தங்குகிற இடங்களுக்குச் சிப்பிகளை வைத்தார். வெயில் ஏறமுன் நடப்பது, மத்தியானம் மரத்தடியில் படுப்பது, வெயில் தாழ மறுபடி நடப்பது என்று கடலுக்குப் போகிறவர் போலவே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். நான் அரிசி, கருவாடு, பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மா, ஒரு சின்னப் பானை என்று இரண்டு பையிலும் பிரித்து அடுக்கினேன்.

பைகளை மாட்டிக்கொண்டு இருவரும் ஒழுங்கையில் நடந்து பார்த்தோம். எதிர்வீட்டு வேலிப் படலையில் என் மச்சாள், என் வீட்டுக்காரரின் தங்கச்சி, நின்றாள்.

"என்ன மச்சாள், ரெண்டு பேரும் இயக்கத்துக்கோ வெளிக்கிட்டிட்டியள்?"

"ஓம், நீங்களும் வாறியளோ? வாய்ச் சண்டைக்கு ஆள் வேணுமாம்" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு முகம் மாறியது. "அண்ணை, பகிடி இல்லை. போன கிழமை பஸ்ஸிலை வந்த ஒருத்தனை உப்பிடி ஒரு பைக்காகத்தான் ஆனையிறவிலை இறக்கினவங்கள். இன்னும் வீட்டை வரேல்லை. உதோடை போகாதையுங்கோ."

எங்களுக்கு அது தோன்றவேயில்லை. பாயும் வலையும் பார்த்த கண்ணுக்கு அது பாய்ச்சீலைதான். ஆமிக்காரன் கண்ணுக்கு அது ஆயுதம் தூக்கிய இயக்கப் பொடியள் முதுகில் மாட்டுகிற பை.

பைகளை இறக்கி வைத்துவிட்டு இருந்தோம். "உங்கடையையும் நான் தலையிலை வைக்கிறன்" என்றேன்.

"என்ரை சுமையை நீ தூக்கினால் அது என்ன நேர்த்தி?" அவர் என் பையைத் திறந்து பானையை வெளியே எடுத்து வைத்தார். "பானையும் வேண்டாம், அரிசியும் வேண்டாம். உடுப்பையும் போர்வையையும் இடுப்பிலை சுத்திக் கட்டுவம். அவரவர் மடியிலை அவரவர் மடிப்பிச்சை எடுத்துக்கொண்டு போவம்."

எங்கள் பக்கத்தில் சைவக்காரரும், மாதாவைக் கும்பிடுகிற எங்களைப் போன்ற வேதக்காரரும் செய்கிற வழக்கம்தான் அது. வீடு வீடாக மடியேந்தி அரிசி வாங்கி, பொழுதுபடுகிற இடத்தில் ஒரு வீட்டில் கொடுத்துச் சமைத்துத் தரச் சொல்லிக் கேட்பது. முதல் பிடி அரிசியைச் சொந்தக்காரர் வீட்டில் வாங்க வேண்டும். வாய் திறந்து கேட்காமல் யாரும் போடமாட்டார்கள்.

அவர் படுக்கையில் கிடந்த மாதங்களில் கடகத்தைத் தூக்கித் தெருத் தெருவாக மீன் விற்றவள் நான். ஒருவர் வாசலிலும் ஒரு சிறங்கை உப்புக்கு நின்றதில்லை.

"என்னாலை ஏலாது" என்றேன்.

"அப்ப நான் தனியப் போறன்."

"வழியிலை விழுந்தால் ஆர் தூக்கிறது?"

"அதுக்குத்தானே உன்னைக் கேக்கிறன்."

அவர் தன் உடுப்பையும் போர்வையையும் மட்டும் எடுத்துச் சுருட்டி வைத்தார். திருநாள் கிட்ட வந்தது. மாதாவுக்கு வாக்குக் கொடுத்தபோது சுமை என்றால் அரிசியும் பானையும் என்றுதான் நினைத்திருந்தேன். நான் கொடுத்த வாக்கை அந்த மனிசன் தனியாகக் கொண்டுபோகப் பார்க்கிறார். அது எனக்குப் பிச்சையை விடப் பெரிய வெட்கமாகப் பட்டது.

புறப்படுகிற விடியலில் அவரோடு மச்சாளின் படலையடியில் போய் நின்றேன். அவள் சுளகில் அரிசியோடு வந்தாள். நான் முந்தானையை விரித்துப் பிடித்தேன். வாய் வரவில்லை.

"கேளுங்கோ மச்சாள்" என்றாள் மெல்ல. அவள் குரலில் பகிடி இல்லை.

"மாதாவுக்கு மடிப்பிச்சை தாங்கோ" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி உரத்துக் கேட்டேன். அரிசி மடியில் விழுந்தது.

"வரேக்கை வீட்டுக் காவலுக்கு வைக்க மாதாவின்ரை மண் கொஞ்சம் எனக்குக் கொண்டு வாங்கோ."

"ஓம்" என்றேன். அவர் அடுத்த வீட்டுப் படலையடிக்கு நடக்கத் தொடங்கியிருந்தார்.