நான் சீனக்குடாவில், பை கிண்ணியா பஸ்ஸில்: திருகோணமலையில் இரண்டு நாள்

இனி வாகனம் ஓட்டக்கூடாது என்று கண் டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. வவுனியாவில் இருபத்தெட்டு வருடம் ஊராருக்கெல்லாம் வாகனம் ஓட்டப் பழக்கியவனுக்கு இதைவிட வேறு அவமானம் தேவையில்லை. பழக்குகிற வான் வண்டியை விற்றேன். ஆனால் ஊர் சுற்றுகிற புத்தியை வாங்க ஆள் வரவில்லை. ஆகவே போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, பஸ்ஸிலும் ஓட்டோவிலும் மட்டுமே திருகோணமலையைச் சுற்றிப் பார்ப்பது என்று தனியாகப் புறப்பட்டேன்.

என் மகள் சுகந்திக்கு இது துளியும் பிடிக்கவில்லை. கண் அழுத்த நோயால் என் இடது கண் போய்விட்டது என்பது அவளுக்குத் தெரியும். வலது கண்ணிலும் பாதிதான் மிச்சம் என்பது தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் கேற்றைத் தாண்டவே விடமாட்டாள். "இந்த ஒருக்காப் போயிட்டு வாங்கோ அப்பா. ஏதும் பிசகினா இதுதான் கடைசி" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றிவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிற பிள்ளை இல்லை அவள்.

வவுனியாவிலிருந்து காலை ஆறேகாலுக்குத் தனியார் பஸ். ஹொரவப்பொத்தானை வழியாக ஏறத்தாழ தொண்ணூற்றைந்து கிலோமீற்றர், மூன்றேகால் மணித்தியாலம், ரிக்கெற் முந்நூற்றைம்பது ரூபாய். சாரதி நல்ல பிள்ளைதான், ஆனால் மூன்றாம் கியரில் ஏற வேண்டிய இடத்தை நாலிலேயே இழுத்தார். எஞ்சின் அழுதது பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் கேட்டது போலிருக்கிறது. வேறு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

உள்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் மூவாயிரத்தைந்நூறு ரூபாய்க்கு ஓர் அறை எடுத்தேன். மின்விசிறி உண்டு, குளிரூட்டி இல்லை. முகம் கழுவிவிட்டு நடக்கத் தொடங்கினேன். கடல் இருக்கிற ஊரில் வழி தவறாது, கடலை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு நடந்தால் சரி என்பது என் கணக்கு. இந்தக் கணக்கு திருகோணமலையில் செல்லாது. துறைமுகப் பக்கம் கடல் என்று நினைத்துத் திரும்பினால் எதிரிலும் கடல். சரி, அப்படியானால் இது கிழக்கு என்று முடிவு செய்து இன்னும் இரண்டு தெரு நடந்தால் அங்கேயும் கடல். ஊரே கடலுக்குள் கையை நீட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒரே கடைக்காரரிடம் இரண்டு தடவை வழி கேட்டேன். இரண்டாவது முறை அவர் கடையை விட்டு இறங்கி வந்து, என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்.

கோட்டை வாசலில் அதைவிட மோசம். மர நிழலில் குந்தியிருந்த ஒருவரிடம், "கோணேசர் கோயிலுக்கு இப்படியே மேல போகலாமோ?" என்று மரியாதையாகக் கேட்டேன். பதில் இல்லை. கிட்டப் போனபோது எழும்பி நடந்துவிட்டது. மான். அந்த ஊரில் மான்கள் தெருவெல்லாம் திரிவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் தெரியும். நல்லவேளை, பக்கத்தில் ஒருவரும் இல்லை. கோயிலுக்குப் போக அறையிலிருந்து ஓட்டோ பிடிப்பவர்கள் ஏறுவதற்கு முன்பே விலை பேசுங்கள். எனக்கு முதலாமவர் ஐந்நூறு என்றார், அடுத்தவர் முந்நூறு. அந்த முந்நூறு ரூபாய் ஓட்டோ கோட்டை வாசல் வரைக்கும்தான் வரும் என்பது இறங்கிய பிறகுதான் விளங்கியது.

பின்னேரம் மூன்று மணிக்கு பஸ் நிலையத்துக்கு வந்தேன். கிண்ணியாவுக்குப் போய்ப் பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது திட்டம். இருபது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, நூறு ரூபாய்க்குள் முடியும். அரசாங்க பஸ்கள் ஒரு பக்கம், தனியார் பஸ்கள் மறுபக்கம் என்று சொன்னார்கள். எந்தப் பக்கம் எது என்று எனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. அரசாங்க பஸ் சிவப்பு என்று நம்பி, சிவப்பாகத் தெரிந்த ஒன்றை நோக்கிப் போனேன், அது குளிர்பான விளம்பரம் பூசிய கடை. பிறகு கண்ணை விட்டுவிட்டுக் காதை நம்பினேன். "கிண்ணியா, மூதூர், கிண்ணியா" என்று ஒரு குரல் கேட்டது. குரலைப் பிடித்துக்கொண்டே போய் ஏறிவிட்டேன்.

இருக்க இடமில்லை. நிற்பவர்களின் சாமான்களை இருப்பவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது நம் பஸ்களில் வழக்கம். எனக்கு அது கேள்வி ஞானம்தான். எப்போதும் ஓட்டுகிற சீற்றிலோ அதற்குப் பக்கத்துச் சீற்றிலோ இருந்தே பழகியவன் நான். கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண், "பையைத் தாங்கோ ஐயா, ஒரு கையால பிடிச்சுக்கொண்டு நிக்க ஏலாது" என்றார். கொடுத்தேன். கண் சொட்டு மருந்து, டாக்டர் எழுதிய துண்டு, கைபேசி எல்லாம் அந்தப் பையில். சட்டைப் பையில் காசு மட்டும் இருந்தது. அடுத்த தரிப்பில் ஆட்கள் ஏறினார்கள், நான் இரண்டடி பின்னுக்குப் போனேன். அதற்கடுத்ததில் இன்னும் நாலடி. சாரதி பிறேக் போடுகிற விதத்தை மனதுக்குள் திருத்திக்கொண்டே போனேன். அவருக்குக் கிளச்சில் இருந்து கால் எடுக்கவே மனம் வரவில்லை.

சீனக்குடாச் சந்தியில் பஸ் நின்றது. முன் கதவால் கறுப்பு அபாயா ஒன்று இறங்குவது தெரிந்தது. கையில் பை. "தங்கச்சி, பை! என்ட பை!" என்று கத்திக்கொண்டு, ஆட்களை இடித்துத் தள்ளிப் பின் கதவால் குதித்தேன். பஸ் போய்விட்டது. நான் வீதியோரமாக ஓடி அந்தப் பெண்ணை மறித்தேன்.

"என்ன ஐயா? ஆரைத் தேடுறீங்கள்?"

"என்ட பையைத் தாங்கோ. பஸ்ஸில உங்கட மடியிலதானே வச்சிருந்தனீங்கள்."

அவர் தன் கையில் இருந்ததை விரித்துக் காட்டினார். துணியும் நூல்கட்டையும். "இது என்ட தையல் சாமான். நான் எங்க ஐயா மடியில வைக்கிறது? உங்களுக்குப் பக்கத்திலதானே நிண்டுகொண்டு வந்தனான். எனக்கும் சீற் கிடைக்கேல்ல."

பக்கத்தில் நின்றவராம். பஸ்ஸில் ஏழெட்டுப் பெண்கள் கறுப்பு அபாயாவில் இருந்திருப்பார்கள், எனக்கு எல்லோரும் ஒரே ஆளாகத்தான் தெரிந்திருக்கிறார்கள். பையை வாங்கிய பெண் அதை மடியில் வைத்தபடி நிம்மதியாகக் கிண்ணியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. பை போனதைவிட, இது சுகந்தியின் காதுக்குப் போகப்போகிறதே என்பதுதான் பயம்.

பரீனா என்பது அந்தத் தையல்காரப் பெண்ணின் பெயர். என்னை ஒரு தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, தன் போனை எடுத்தார். "நம்பரைச் சொல்லுங்கோ ஐயா. பை எங்க போகப் போகுது? மடியிலதான் இருக்கும்." என் நம்பருக்கு அடித்தார். வேறு அழைப்பில் இருக்கிறதாம். திரும்பவும் அடித்தார். அப்போதும் அப்படித்தான். என் போனில், நான் இல்லாமல், யாரோ யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

மூன்றாவது தடவை எடுத்தார்கள். பரீனா ஒலிபெருக்கியில் போட்டார், நான் "என்ட பை" என்றேன். "ஆ, பைக்கார ஐயாவோ? நீங்கள் இறங்கினது எங்களுக்குத் தெரியாதே! பை என்னட்டப் பத்திரமா இருக்கு. இப்பதான் உங்கட மகள் கோல் எடுத்தவ. ஐயாவைக் காணேல்ல, பை மட்டும்தான் இருக்கு எண்டு சொன்னனான். பாவம், அந்தப் பிள்ளை அழத் தொடங்கிற்றா."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. பரீனா என் சார்பில் அந்த அக்காவிடம் பேசினார். "ராத்தா, ஐயா சீனக்குடாச் சந்தியில இருக்கிறார். பையைக் கொண்டக்டரிட்டக் குடுத்து, எதிர்ல வாற பஸ்ஸில மாத்தி விடச் சொல்லுங்கோ."

எதிரே வருகிற பஸ்ஸுக்கு லைற் அடித்து மறித்து, இரண்டையும் நடுவீதியில் நிறுத்தி, ஒரு யன்னலிலிருந்து மற்ற யன்னலுக்குச் சாமான் கைமாற்றுவது அந்தப் பாதையில் சாதாரணமாம். என்னிடம் ஓட்டப் பழகியவர்கள் இப்படிச் செய்திருந்தால் இறக்கிவிட்டிருப்பேன். அன்றைக்கு நூற்றுக்கு நூறு போட்டேன்.

காத்திருந்தோம். பெரிதாக ஏதோ ஒன்று வருவது தெரிந்தது. வீதிக்கு இறங்கி இரண்டு கையையும் ஆட்டினேன். அது நிற்காமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"ஐயா, அது தண்ணி கொண்டுபோற பவுசர்" என்றார் பரீனா. பிறகு என் கண்ணை உற்றுப் பார்த்தார். "உங்களுக்குக் கண் வடிவாத் தெரியாதோ?"

வீட்டில் ஏழு மாதமாக வாய்க்குள் வைத்திருந்ததை, பெயர் தெரிந்து கால் மணி நேரமான ஒருவரிடம் சொன்னேன். "இடது கண் இல்லை. வலதும் பாதிதான்."

"அப்ப ஏன் ஐயா பேசாம நிண்டனீங்கள்? ஏறேக்கயே சொல்லியிருந்தா, நானே பையை வாங்கி உங்கட கையில தந்திருப்பன்." அவ்வளவுதான் சொன்னார். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை இல்லை. வாங்கின் நுனியில் நின்று, வருகிற பஸ் ஒவ்வொன்றின் பலகையையும் எனக்காகச் சத்தமாக வாசித்தார். மூன்றாவது பஸ்தான். கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டே, "பை ஐயா ஆரு?" என்று கேட்டுக் கையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே எல்லாம் அப்படியே இருந்தன. சொட்டு மருந்து வைத்திருந்த சிறிய ஐஸ் பொதி மட்டும் கரைந்து, மாற்றிக் கட்ட வைத்திருந்த சாரத்தை நனைத்திருந்தது.

சுகந்திக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். ஏதாவது சாட்டுச் சொல்லியிருக்கலாம். பை மாறிவிட்டது, கூட்டம், இப்படி ஏதாவது. பக்கத்தில் பரீனா நின்றார். அவருக்கு முன்னால் பொய் சொல்ல வெட்கமாக இருந்தது.

"பிள்ளை, மற்றக் கண்ணும் பாதிதான்" என்றேன்.

"எப்ப தொடக்கம்?"

"தை மாதத்திலயிருந்து."

"எனக்குச் சொல்லாம, பஸ்ஸில போற ஆக்களுக்கெல்லாம் தெரியிற அளவுக்கு விட்டிருக்கிறீங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இதுதான் கடைசிப் பயணம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. கிண்ணியாப் பாலத்தைப் பார்க்கும் ஆசை விட்டுப்போனது. வந்த வழியே பஸ் ஏறி அறைக்குத் திரும்பினேன். அன்று பின்னேரம் முழுக்கக் கட்டிலில் கிடந்து மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மருந்து விடுகிற நேரம் சுகந்தியே போன் அடித்தாள். குரல் கம்மியிருந்தது.

"நாளைக்கு எங்க போக இருந்தனீங்கள்?"

"சாம்பல்தீவுப் பக்கம். பிறகு நிலாவெளி."

"போங்கோ. ஆனா ஏறேக்க எனக்கு அடிச்சு, போனை ஓனில வச்சு சட்டைப் பையில போடோணும். கொண்டக்டரிட்ட உங்கட வாயால சொல்லோணும். எனக்குக் கேக்கோணும். கேக்கேல்ல எண்டா நான் அங்க வந்து நிப்பன்."

இனி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திசைக்குக் கடலை நம்பாதீர்கள், கடைக்காரரை நம்புங்கள். பலகை வாசிக்க ஏலாதவர்கள் ஓரிடத்தில் நின்று போகிற ஊரின் பெயரைச் சத்தமாகச் சொன்னால் போதும், யாராவது கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள். பையைத் தயங்காமல் கொடுங்கள், ஆனால் போனும் மருந்தும் உங்கள் உடம்பில் இருக்கட்டும். வாங்கியவர் உங்களை மறக்கமாட்டார், நீங்கள்தான் அவர் முகத்தை மறந்துவிடுவீர்கள். ஆகவே பெயரைக் கேட்டு வையுங்கள். நான் கேட்கவில்லை. என் பையைச் சுமந்த அந்தப் பெண்ணின் பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு நிலாவெளி பஸ். உள்ளே நல்ல கூட்டம், மீன் வாங்கித் திரும்புகிறவர்களும் பிரத்தியேக வகுப்புக்குப் போகிற பிள்ளைகளும். போன் சட்டைப் பையில், சுகந்தி அந்தப் பக்கம். மிதிபலகையில் கால் வைத்தேன். இந்த வாயால் எத்தனை பேருக்கு, பயப்படாமல் கண்ணாடியைப் பார், வீதியைப் பார் என்று சொல்லியிருப்பேன்.

"தம்பி, எனக்குக் கண் சரியாத் தெரியாது" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. முன்னுக்கு இருந்த நாலைந்து பேர் திரும்பினார்கள்.

கொண்டக்டர் காசை விரல்களுக்கிடையில் மடித்தபடியே, "எங்க இறங்கோணும்?" என்று கேட்டார்.

"சாம்பல்தீவுச் சந்தி."

"முன்னுக்கு வாங்கோ ஐயா. இடம் வந்ததும் நான் கூப்பிடுறன்."

யாரோ ஒருவர் எழும்பி இடம் விட்டார். இருந்தேன். பஸ் புறப்பட்டது, இரண்டாம் கியர் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு விழுந்தது. சட்டைப் பைக்குள்ளிருந்து சுகந்தியின் குரல் சின்னதாகக் கேட்டது.

"கேட்டது அப்பா. நான் வைக்கிறன்."