சீல் பிரித்த பயறு மூட்டை

வண்டு விழுந்த விதை மூட்டையை அரசு விதைக் கிடங்கு திரும்ப வாங்கிக்கொண்டு வேறு மூட்டை தர வேண்டும் என்பது விதி. மூட்டையின் சீல் பிரிந்திருக்கக் கூடாது என்பது அடுத்த விதி. இரண்டையும் எழுதியவர் பயறு வண்டைப் பார்த்ததில்லை.

ராணுவ அலுவலகத்தில் எழுத்தராக இருந்து சீக்கிரமே ஓய்வு பெற்றவன் நான், விதிகளோடுதான் குடித்தனம். இன்று காலை முறத்தில் பச்சைப்பயறைக் கொட்டியதும் எள்ளளவு வண்டுகள் ஓடின. இவை பயறின் தோலில் முட்டையிடும். புழு உள்ளே துளைத்துப் போய்த் தின்னும். ஒரே பயறில் இரண்டு மாட்டிக்கொண்டால் ஒன்று மற்றதைக் கடித்துக் கொல்லும். வண்டாகி வெளியேறும் வரை பார்வைக்கு அது நல்ல பயறுதான்.

தொண்ணூறுகளில், செய்யூரில், கிடங்கில் வாங்கிய பயறு மூட்டையின் சீலை விதைப்பு நாளன்றுதான் அப்பா பிரித்தார். வழக்கமாக அம்மா விதையை வெயிலில் காயவைப்பாள். சீலுக்குப் பயந்து அந்த வருடம் வைக்கவில்லை. மூட்டை முழுக்க ஓட்டைப் பயறு. சைக்கிளில் வைத்துக் கிடங்குக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

"சீல பிரிச்சிட்டு வந்து இன்னா நைனா கேக்குற?" என்றார் கிடங்குக்காரர்.

"பிரிக்காம எப்டிபா தெரியும்? உனுக்கு மூட்டைக்குள்ள கண்ணு கீதா?"

"வண்டுக்குத் தீனி போட்டு வளத்தது நீ. எடுத்துகினு போ."

அப்பா அங்கே பயறு அளக்கும் இரும்புப் படியால் அவர் வாயில் அடித்தார். பல்லும் ரத்தமும் பயறில் விழுந்தன. மூட்டை தூக்குகிறவர்கள் அப்பாவைக் கீழே தள்ளி, வலது முழங்கையை மிதித்து ஒடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. வண்டுகள் அதுபாட்டுக்கு ரத்தத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தன.

அந்தப் பருவம் எங்கள் நிலம் தரிசாகக் கிடந்தது. அம்மாதான் மனு எழுதினாள். மாற்று விதை தரலாம் என்று பதில் வந்த அன்று, பக்கத்து வயல்களில் பயறு அறுப்பு தொடங்கியிருந்தது.