சீனப் பேரிக்காய் வாங்கச் சொன்னேன்

பேரிக்காய்ல என்ன பெரிசா இருக்குன்னு யாராவது கேட்டா எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். ஆடி பொறந்தா திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுல மலைக்காய் வந்து எறங்கும். கல்லு மாதிரி இருக்கும், கடிச்சா பல்லு கூசும். திங்க லாயக்கில்ல, ஆனா ஜாமுக்கு அதவிட்டா வேற காய் கெடையாது. கேக்குக்குன்னா காம்புகிட்ட கட்டவெரலால அமுக்கிப் பாக்கணும். லேசா குழிஞ்சா போதும். வெரலே உள்ள போச்சுன்னா அது சும்மா உரிச்சுத் திங்கத்தான். கடைக்காரர் திட்டத் திட்ட அமுக்கிப் பாத்துதான் நான் வாங்குவேன்.

எங்க எதிர்வீட்டுல ஒருத்தி இருந்தா. என்னவிட ரெண்டு வயசு சின்னவ, கேக் போடுறதுல கில்லாடி. கிறிஸ்மஸுக்கு அவ வீட்டுக் கேக்குல பாதி எங்க வீட்டுக்கு வந்துரும். பொங்கலுக்கு எங்க வீட்டுப் பானையில பாதி அங்க போயிரும். என் ஜாம் பக்குவத்த அவகிட்ட மட்டுந்தான் சொன்னேன். தோலையும் விதையையும் வெள்ளத்துணியில முடிஞ்சு, கொதிக்கிறப்ப உள்ள போட்டு, கடைசியில புழிஞ்சு எடுக்கணும். ஜாம் தானா இறுகிக்கும். பாட்டில்ல ஊத்துனதும் மேல ஒரே ஒரு கிராம்பு.

அவ வீட்டுக்காரருக்கு சிதம்பரத்துக்கு மாத்தலாச்சு. அங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு கேக் கடை போடலாம்னு அவதான் ஆரம்பிச்சா. நான் பழம் பொறுக்கி ஜாம் போடணும், அவ கேக் போடணும். போர்டுக்கு என்ன கலர்னுகூட பேசி முடிச்சாச்சு. அந்த நேரம் பாத்து எனக்கு ஒரு ஜவுளிக்கடையில வேல வந்துது. கடை போடப்போறோமேன்னு வேணான்னுட்டேன். எங்க வீட்டுல கத்துனாங்க, நான் காதுலயே போட்டுக்கல.

ரெண்டு மாசம் கழிச்சு போன் பண்ணுனா. "எங்க வீட்டுக்காரரு ஒத்துக்கலக்கா. இத்தோட விட்டுருவோம்"னா. பாவம், அவ என்ன பண்ணுவான்னு நான்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். ஜவுளிக்கடையில அதுக்குள்ள வேற ஆள் போட்டுட்டாங்க.

2009ல சிதம்பரத்துல ஒரு கல்யாணம். போயிட்டுத் திரும்புறப்ப பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரி. கண்ணாடிக்குப் பின்னாடி ஜாம் பாட்டில் வரிசையா இருக்கு, ஒவ்வொண்ணுலயும் மேல ஒரு கிராம்பு. போர்டு நாங்க பேசுன அதே பச்சக்கலர். கல்லாவுல அவ அண்ணி ஒக்காந்திருந்தா. உள்ளேருந்து கைய தொடச்சிக்கிட்டு அவளே வந்தா. என்னப் பாத்து, "என்னக்கா, திடீர்னு?"ன்னா. அடிப்பாவி! ஒரு பாட்டில் வாங்கிக்கிட்டு பஸ் ஏறிட்டேன். வீட்டுக்கு வந்து நக்கிப் பாத்தேன். என் ஜாமேதான்.

அந்த டிசம்பர்ல போன் வந்துது. எதுவுமே நடக்காத மாதிரி பேசுறா. "அக்கா, பேரிக்காய் கேக்குக்கு நெறைய ஆர்டர் வந்துருக்கு. மலைக்காய் சீசன் முடிஞ்சு போச்சு. பழக்கடையில ரெண்டு வகதான் இருக்கு. ஸ்டிக்கர் ஒட்டுன நீட்டுக்காய் ஒண்ணு, வல போட்ட சீனக்காய் ஒண்ணு. எத வாங்க?"

நீட்டுக்காயத்தான் வாங்கணும். சீனக்காய் வெறும் தண்ணி, திங்க ஜோரா இருக்கும், கேக்குல போட்டா நடுவுல சொதசொதன்னு ஆயிரும். இது எனக்குத் தூக்கத்துலகூட தெரியும்.

"சீனக்காய் வாங்கு"ன்னேன்.

"நீ சொன்னா சரிதான்க்கா"ன்னு வெச்சுட்டா. ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கல. திரும்பக் கூப்புட்டு மாத்திச் சொல்லலாம்னு போன எடுத்தேன். அந்தப் பச்ச போர்டு கண்ணு முன்னாடி வந்துது, வெச்சுட்டேன்.

கிறிஸ்மஸ் முடிஞ்சு மறுபடி கூப்புட்டா. அழுதுக்கிட்டே பேசுனா. கேக்கு பூரா நடுவுல வேகவே இல்லையாம், வாங்குனவங்க கொண்டாந்து கடையிலயே வெச்சுட்டுப் போனாங்களாம். "நீ சரியாத்தான் சொல்லிருப்பக்கா. நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்"னா.

"ஆமாண்டி, ஓவன் சூடு பத்தல போல"ன்னு சொன்னேன்.