கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

நீலாம்பிகாவின் வேலை எண்களைச் சொல்வது. தார்வாடில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்துவந்தாள். எதிரே இருப்பவரிடம் நிதானமாக எண்களைச் சொல்வாள். அவர் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு படப் புதிர்கள். எண்களை மனத்தில் நிறுத்தத் திணறுகிறவர்கள் பெரும்பாலும் புதிரிலும் திணறுவார்கள். அறிவில்லாமல் இல்லை, மூன்றாவது துப்பை எடுக்கப் போகும்போது முதலாவது நழுவிவிடும்.

அவள் கணவர் சென்னபசப்பா வக்கீல். நாலு சாட்சிகள் சொன்னதையும் ஒருசேர நினைவில் வைத்து, எங்கே இடிக்கிறது என்று காகிதம் பார்க்காமலே பிடித்துவிடுவார். ஐம்பத்தெட்டு வயதில், ஆடு மேய்க்கும் மல்லேசிக்காக வாதாடிய அடிதடி வழக்கில், அது நடக்கவில்லை. ஒரு சாட்சி அவனை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் பார்த்ததாகச் சொன்னான். இன்னொருவன் அதே ஆறு மணிக்குச் சந்தையில். அவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். கேட்கவில்லை. மல்லேசிக்கு மூன்று வருடம் சிறை.

"ரெண்டு பேர் சொன்னதும் காதுல விழுந்துச்சு நீலா. ஒண்ணைப் பிடிச்சா இன்னொண்ணு காணாமப் போச்சு."

ஞாயிற்றுக்கிழமை சோள ரொட்டி தின்று முடித்த கையோடு நீலா அவரை எதிரே உட்காரவைத்தாள்.

"என்னையே நோயாளி ஆக்கிட்டியா?"

"சும்மா இருங்க. ஏழு, ரெண்டு, ஒம்பது, நாலு."

"நாலு... ஒம்பது..." நெற்றியைத் தேய்த்தார். "நடுவுல என்ன சொன்னே?"

இரண்டாம் முறை சொல்லக்கூடாது என்பது விதி. அவள் சொன்னாள். அப்போதும் வரவில்லை.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், மூளையில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபட்டிருந்தன. முப்பது வருடத்துக்கு முந்தைய வழக்குகளை அவர் இன்னும் வரி பிசகாமல் சொன்னார். கோப்புகளை ஜூனியர் கமலாட்சியிடம் ஒப்படைத்துவிட்டு, மேல்முறையீட்டுக்காகத் தன் குறையை எழுதிக் கையெழுத்திட உட்கார்ந்தார்.

"கோர்ட்டு முழுக்கச் சிரிப்பாங்களேங்க," என்றாள் நீலா.

"சிரிக்கட்டும். அவன் உள்ள இருக்கான்டீ."

பதினாலு மாதம் கழித்து மல்லேசி வெளியே வந்தான். அதற்குள் அவன் தாய் போய்விட்டாள். ஆடுகளைத் தம்பி விற்றுவிட்டான். ஒருநாள் காலை வந்து வாசலில் நின்றான்.

"மல்லேசி, என்னாலதான்பா..."

"தெரியும்ங்க. கமலாட்சியம்மா எல்லாம் சொன்னாங்க." குரல் உயரவில்லை. "அம்மா உங்களைத்தான் நம்பியிருந்துச்சு."

நீலா கொடுத்த டீயை அவன் குடிக்காமல் திண்ணைமேல் வைத்துவிட்டுப் போனான். சென்னபசப்பா அவன் பின்னாலேயே தெருமுனைவரை நடந்தார். அங்கே எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றார். நீலா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.