மாடி அறைப் பெண்ணுக்கு வந்த அழைப்பு

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாவது அலை அடித்துக்கொண்டிருந்தபோது, அம்பத்தூர் மேனாம்பேட்டில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்போது எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். வந்தது எத்தனை, போனது எத்தனை என்று எண்ணியே பழகிய புத்தி, ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. அந்த மாதம் எண்ணுவதற்கு நல்லதாக எதுவும் இல்லை. எங்கள் தெருவில் ஆறு வீட்டு வாசலில் மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் ஒரு நாள் மதியத்துக்குள் பதினேழு முறை கேட்டது.

என் பேத்தி அப்போதுதான் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். மூன்று மாதம்கூட ஆகவில்லை. விடுதியைக் கொரோனா பணியில் இருந்த டாக்டர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மாணவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பேத்தி தனியாக வரவில்லை. கூடப் படிக்கும் ஒரு பெண்ணையும் அழைத்துக்கொண்டு வந்தாள்.

"இவ ஊர்ல சிக்னலே கிடையாது தாத்தா. நம்ம மாடி ரூம் காலியாத்தானே கிடக்கு?" என்றாள்.

அந்தப் பெண் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். ஊரடங்கில் கடை மூடிக்கிடந்தது. ஒரே அறை உள்ள வீட்டில் ஐந்து பேர். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஒதுக்கீட்டில் இடம் பிடித்தவள். அவள் ஊரில் அதற்கு முன் யாரும் டாக்டருக்குப் படித்ததில்லையாம்.

கீழே ஒருத்தி, மேலே ஒருத்தி. ஒரே வகுப்பு, ஒரே பாடம். ஆனால் பேத்திக்குத் தனி அறை, ஏசி, லேப்டாப். அவளுடைய பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தியின் அம்மா கொரோனாவில் இறந்துபோன சேதி வந்ததிலிருந்து அவள் உடைந்துபோனாள். ஒரே வாரத்தில் நான்கு முறை வாய்விட்டு அழுதாள். மருமகள் தன் அலுவலக வேலையை நிறுத்திவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். மகன் ஒரு மனநல மருத்துவரைப் பிடித்து, வியாழக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு வீடியோவில் பேச ஏற்பாடு செய்தான். அதில் தப்பொன்றும் இல்லை. அவள் பட்டது நிஜமான கஷ்டம்தான்.

மாடி அறைக்கு மேலே சிமெண்ட் ஷீட். மதியம் ஒரு மணிக்குச் சுவரில் கை வைக்க முடியாது. அந்தப் பெண் ஒரு பழைய போனில் வகுப்பு கேட்டாள். அதில் சார்ஜ் நிற்காது. ஒரு நாளைக்கு உண்டான நெட்டும் இரண்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். கீழே எங்கள் வீட்டில் வைஃபை இருந்தது. அவளும் கேட்கவில்லை, எங்களில் ஒருவருக்கும் அந்தப் பாஸ்வேர்டைச் சொல்லத் தோன்றவில்லை.

சாப்பாடு கொண்டுபோய் வைப்பது என் வேலை. படிகள் பதினெட்டு. தொற்றுக்குப் பயந்து நான் எட்டாவது படியிலேயே தட்டை வைத்துவிட்டுக் குரல் கொடுப்பேன். அரை மணி கழித்துப் பார்த்தால் கழுவிய தட்டு அதே படியில் இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று தட்டு, ஒன்றுகூடத் தப்பாது. மதியமெல்லாம் தலைக்கு மேலே நடக்கும் சத்தம் கேட்கும். மனப்பாடம் செய்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் பேத்தியிடம், "மேல இருக்கறவளப் பாரு. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா? நடந்து நடந்து படிக்கறா" என்றேன்.

"தாத்தா, உங்க ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டர்ல எங்களயும் ஏத்தாதீங்க, ப்ளீஸ்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு என் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. கல்லூரிப் பேராசிரியை ஒருவர். முதல் வருட மாணவர்கள் ஒவ்வொருவரோடும் இருபது நிமிடம் தனியாகப் பேசுகிறார்களாம், மனம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. மாடியில் இருந்த பெண்ணின் போன் அணைந்திருந்தது. அவள் அவசரத்துக்கென்று என் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தாள். "கொஞ்சம் அவங்ககிட்ட போனைக் குடுக்கறீங்களா சார்?" என்று கேட்டார்.

நான் படி ஏறியிருக்க வேண்டும். முழங்கால் வலி என்று இன்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், ஏறுவதற்கு அவசியம் இருப்பதாகவே எனக்குப் படவில்லை.

"அவளுக்கு ஒரு குறையும் இல்ல மேடம். மூணு வேளையும் தட்டு காலியா வருது. நாள் பூரா படிக்கறா. எங்க பேத்திதான் ரொம்ப ஒடஞ்சு போயிருக்கா. அந்த நேரத்த அவளுக்குக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"அவங்ககிட்ட நேத்தே பேசியாச்சே சார்" என்றார். நான் விடவில்லை. அவர் தயங்கினார். மாடியில் இருப்பவர் நிச்சயமாக நன்றாக இருக்கிறாரா என்று மறுபடி ஒரு முறை கேட்டார். "நான் பொறுப்பு மேடம்" என்றேன். பேத்தியிடம் போனைக் கொடுத்தேன். என்னோடு போட்டியிட்டவர் யாரும் இல்லாவிட்டாலும், எதையோ ஜெயித்துவிட்டதுபோல் இருந்தது. அழைப்பு வந்ததை மாடிப் பெண்ணிடம் சொல்லவே இல்லை.

அந்த அழைப்பு வந்த ஒன்பதாம் நாள் அவர்களுக்கு ஆன்லைனில் ஒரு தேர்வு. அது முடிந்ததும் பேத்தி வெளியே வந்து, "அவ டெஸ்ட்டுக்கே வரல தாத்தா" என்றாள். அன்றுதான் பதினெட்டுப் படியும் ஏறினேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், காக்கை தின்று மீந்த இட்லியும் சோறும் காய்ந்து கிடந்தன. என் தட்டுகள் காலியான இடம் அதுதான். கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போய் வேறு யாரோ போல இருந்தாள். பக்கத்தில் ஒரு நோட்டு. உடலின் பாகங்களுக்கு ஆங்கிலப் பெயரை எழுதி, எதிரே தமிழில் அர்த்தம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். முப்பத்தாறு பக்கம் வரை. அதற்கப்புறம் ஒரு வார்த்தைகூட இல்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"படிச்சா நிக்க மாட்டேங்குது தாத்தா. தூக்கமும் வரல" என்றாள். பிறகு, "காலேஜ்லேர்ந்து யாருனா போன் பண்ணாங்களா? எல்லாருக்கும் பண்றாங்கன்னு குரூப்ல போட்டிருந்தாங்க. நான் பாத்துக்கினே இருந்தேன். கோட்டாவுல வந்தவங்களுக்குக் கெடயாது போலன்னு விட்டுட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வரலியேம்மா" என்றேன். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. திருத்துவதற்கு எனக்கு நேரம் இருந்தது. அவள் தலையை ஆட்டினாள், எதிர்பார்த்ததுதான் என்பதுபோல.

அந்த வியாழக்கிழமை பேத்தியின் மருத்துவரோடு அவளைப் பேசச் சொன்னோம். "வேணாம் தாத்தா, அப்பாவ வரச் சொல்லுங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மூன்றாம் நாள் அவள் அப்பா வந்தார். பூந்தமல்லியில் காய்கறி இறக்கிவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பும் ஒரு வேனில் இருவருக்கும் இடம் சொல்லி வைத்திருந்தார். அங்கே போய்ச்சேர ஓர் ஆட்டோ பிடித்தோம்.

டிரைவர் அந்தப் பெண்ணைப் பார்த்ததுமே வண்டியை அணைத்துவிட்டார். "இன்னா பெருசு, பாப்பாக்கு கொரோனாவா? அப்டின்னா நா இட்டுகினு போவ மாட்டேன். என் ஊட்ல கைக்கொயந்த கீது."

"கொரோனா இல்லீங்க. மனசுதான் சரியில்ல" என்றார் அப்பா.

"மன்சா? அது ஒட்டாது நைனா. ஏறு, ஏறு."

ஏறுவதற்கு முன் அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்க பாத்துக்கறீங்கன்னுதான் ஐயா நான் தைரியமா இருந்தேன்" என்றார். குத்திக்காட்டவில்லை. நன்றியாகத்தான் சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை.

அன்றே பேராசிரியைக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நானாவது ஒரு தடவை மறுபடி கூப்பிட்டிருக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னார். அவள் இடத்தை அந்த வருடம் முழுக்கக் காலியாகவே வைத்திருந்தார்கள். அவள் வரவில்லை. அவள் அப்பாவுக்கு நான் ஏழு முறை போன் செய்தேன். "கடையப் பெருக்கறா, தண்ணி கொண்டாரா. பேசத்தான் மாட்டேங்கறா ஐயா" என்றார் கடைசி முறை. அவரிடமும் என் தப்பைச் சொல்லும் தைரியம் வரவில்லை. எட்டாவது முறை அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அந்தக் கிராமத்தின் பெயரைக்கூட நான் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பேத்தி இப்போது பயிற்சி டாக்டர். அவள் தேறிவிட்டாள். எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் வேளையிலும் என்னால் முழுதாகச் சிரிக்க முடிவதில்லை. இப்போதெல்லாம் யாராவது போனில் என் வீட்டில் இருக்கும் இன்னொருவரைப் பற்றி, எப்படி இருக்கிறார் என்று விசாரித்தால், "அவங்களயே கேளுங்க" என்று போனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். ஆனால் இதைக் கற்றுக்கொண்டதில் எனக்கு ஆறுதல் ஏதும் இல்லை. தனக்கு யாரும் போன் செய்யவில்லை என்றே அந்தப் பெண் இன்றும் எங்கோ நினைத்துக்கொண்டிருப்பாள்.