மாமியார் மேல் ஏறிய செங்கல்பட்டுப் பேய்

என் தாய்மாமன் தாண்டவராயன், பகலில் செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே சைக்கிள்களுக்குப் பஞ்சர் ஒட்டினார். அழைப்பு வந்தால் பேய் ஓட்டினார். பின்னதற்குத்தான் ஊரில் அவருக்குப் பெயர். லாட்ஜ் மாடிப்படி, லாரி ஷெட், டூரிங் டாக்கீஸின் பின்வரிசை என்று நகரத்துப் பேய்கள் குடியிருக்கும் இடமெல்லாம் அவருக்கு அத்துபடி. பேய் பிடித்தவரின் முடியைக் கொத்தாகப் பற்றுவார். வேப்பிலையால் நான்கு சாத்துவார். வாய் கூசாமல் வைது, ஊர் எல்லையைத் தாண்டி ஓடச் சொல்லுவார். அதுவும் ஓடிவிடும். எங்கே ஓடியது என்பதை அவர் விசாரித்ததில்லை.

1974இல் (மாசியா பங்குனியா என்பதில் குடும்பத்தில் இரு கருத்துண்டு) டாக்கீஸிலிருந்து அவர் விரட்டிய பேய் ஒன்று, மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பத்தில் கருவாடு விற்றுக்கொண்டிருந்த செல்லம்மாவின் மேல் ஏறிக்கொண்டது. செல்லம்மா, தாண்டவராயனுக்கு மாமியார்.

தாயைப் பார்க்க முதலில் ஓடியவர் மாமாவின் மனைவி ஆதியம்மாள். மறுநாள் வந்து சேர்ந்த மாமாவை அவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"ஊர்ல கீற பேயெல்லாம் தொரத்தி எங்கம்மா மேல ஏத்தி வுட்டுட்டியே! டாக்கீஸ்ல நீ அடிச்ச அடி தாங்காம பஸ் மேல ஏறி வந்துச்சாம். அதுவே சொல்லுது. நீயே எறக்கி வுடு. இல்லாங்காட்டி நான் இங்கயே இருந்துக்கறேன். நீ அந்தப் பஞ்சர் கடையோட குடும்பம் நடத்து."

அத்தை சொன்னால் செய்துவிடுவார். அது மாமாவுக்குத் தெரியும். ஆனால் அந்தக் குடும்பத்து வழக்கப்படி மாமியார் மருமகனின் எதிரே வரமாட்டார். நேரில் பேசவும் மாட்டார். சொல்ல வேண்டியதை இருவரும் ஆதியம்மாள் வழியாகவே சொல்லிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவரின் முடியைப் பற்றுவது எப்படி? 'டேய்' என்பதுதான் எப்படி?

உச்சிவேளையில் குப்பமே கூடியிருந்தது. செல்லம்மா நடு மணலில் காலை நீட்டிப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாடா தாண்டவா! இன்னா, சௌக்கியமா?"

மாமா தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "ஆதி, அவங்க யாருன்னு கொஞ்சம் கேட்டு சொல்லு."

"ஏன், உன் வாய்ல இன்னா, கொழுக்கட்டையா?"

"உங்கம்மாவாச்சே. நேரா எப்படி கேக்கறது?"

பேய் விழுந்து விழுந்து சிரித்தது. "அவங்களாம்! டாக்கீஸ்ல நாயேன்னான். இங்க இன்னா மரியாதை பாரு! நான் எறங்க மாட்டேன்பா. எனக்கு இந்த வூடு புடிச்சிகீது."

"தயவுபண்ணி எறங்கணும்னு சொல்லு ஆதி," என்றபடி மாமா வேப்பிலையை எட்ட நின்று மெல்ல ஆட்டினார்.

ஆதியம்மாளின் தம்பி சின்னையனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா மச்சான், பேய்க்கு வேர்க்குதுன்னு விசிறிகினு கீறியா?"

கூட்டம் சிரித்தது. ஆதியம்மாள் சிரிக்கவில்லை. கணவரைத் தள்ளிவிட்டு, தாயின் கொண்டையைப் பிடித்துக் கடலை நோக்கி இழுத்துச் சென்றார். பெற்ற மகளுக்கு அந்த வழக்கம் குறுக்கே நிற்கவில்லை.

"எங்கமே இஸ்துகினு போற?" என்று அலறியது பேய்.

"தண்ணிக்கு."

"வேணாம்மே! எனக்கு நீச்சல் தெரியாது! நான் செங்கல்பட்டு ஆளு!"

"செத்தவனுக்கு இன்னாடா நீச்சல்?"

முதல் அலை இடுப்பை நனைத்தது. அடுத்தது தலைக்கு மேல் போயிற்று. "போறேன், போறேன், வுட்டுடு!" என்ற குரல் பாதியில் அறுந்தது. செல்லம்மா மகளின் தோளில் சாய்ந்தார்.

பேய் உண்மையிலேயே போயிற்றா, நடிக்கிறதா? எல்லோரும் மாமாவைப் பார்த்தனர். அவருக்கும் தெரியவில்லை.

செல்லம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு கண் திறந்தார். கரையில் நின்ற மாமாவைக் கண்டதும் பதறி, ஈர முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, மகளின் முதுகுக்குப் பின்னே ஒடுங்கிக்கொண்டார்.

"மாப்ள எப்பமே வந்தாரு? சாப்ட்டாரான்னு கேளு."

அதற்குமேல் சான்று யாருக்கும் தேவைப்படவில்லை.

அன்று மாலைப் பேருந்தில் அத்தையும் செங்கல்பட்டுக்குத் திரும்பினார். பின்னாளில் வந்த அழைப்புகளுக்கெல்லாம் அவரே முன்னே நடந்தார். மாமா எலுமிச்சம்பழப் பையைச் சுமந்துகொண்டு பின்னே போனார்.